ஹட்டன்ல ஒரு தெருவுக்கு பிணைமுறி போட ஏலுமா?

தம்பி கேட்டத மத்தவங்களுக்கும் வெளங்கட்டும்னு முதல்ல சொல்லிடுறேன். அவரோட அக்கா அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல ஒரு சின்ன டவுன்ல வீடு வாங்கி இருக்காங்க, அவங்க தெருவுக்கு ரோட்டு, கான், நடைபாதை எல்லாம் புதுசா போடப்போறாங்களாம், அதுக்கு "லோக்கல் இம்ப்ரூவ்மென்ட் டிஸ்ட்ரிக்ட்", அதாவது மேம்பாட்டு மண்டலம், ஒண்ணு அமைக்கிறோம், உங்க வீட்டுப் பங்கு இவ்வளவுன்னு கடிதம் வந்திருக்கு, காச பிணைமுறி (வட்டிக்குக் கடன் வாங்க விக்கிற பத்திரம், பாண்ட்) வித்து எடுப்பாங்கன்னும் எழுதி இருக்கு. இது என்ன ஏற்பாடு, அக்கா பயப்படணுமா, இதே மாதிரி இலங்கை மலைநாட்டுல நம்ம ஹட்டன் பக்கம் செய்ய ஏலாதா, மழை வந்தா கான் நெரம்பி வீட்டுக்குள்ள தண்ணி வருது, சபையில போய் கேட்டா காசு இல்லங்குறாங்க, இதுதான் கேள்வி.

மண்டலம் போடலாம் தம்பி, பிணைமுறி இப்போதைக்கு நடக்காது. நான் உள்ளூராட்சி கணக்குப் பக்கம் ரொம்ப காலம் வேல செஞ்சவன், அதனால கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவேன், பொறுமையா வாசிங்க.

அங்க உள்ள அடிப்படை எண்ணம் ரொம்ப சிம்பிள். ஒரு தெருவுல ரோட்டும் கானும் வந்தா அந்தத் தெருவுல காணி வச்சிருக்கிறவங்களோட காணிப் பெறுமதி ஏறும். ஊர் மொத்தமும் கட்டுற வரியில அத செஞ்சா அடுத்த தெருக்காரர் காசுல இவங்களுக்கு லாபம். அதனால யாரோட காணிக்குப் பலனோ அவங்ககிட்டயே செலவ வாங்கு, ஆனா மொத்தமா ஒரே நாள்ல கேட்காத, வருசக் கணக்குல தவணையா வாங்கு. தவணையா வாங்குனா கொந்தராத்துக்காரருக்கு இப்பவே யாரு காசு குடுக்குறது? அந்த இடைவெளிய அடைக்கத்தான் பிணைமுறி. அதாவது பிணைமுறி காச உண்டாக்குறதில்ல, நாளைக்கு வரப்போற காச இன்னைக்கே கொண்டுவந்து குடுக்குது, அதுக்கு வட்டி எடுத்துக்குது. நாளைக்கு வரும்னு நம்ப ஏதாவது இருந்தாத்தான் இன்னைக்குக் குடுப்பான். இந்த ஒரு விசயத்த மனசுல வச்சுக்கிட்டு மிச்சத்த பாருங்க.

மண்டலம் ரெண்டு விதமா உருவாகும். தெருக்காரங்களே கையெழுத்து வாங்கி சபைக்கு மனு குடுக்கலாம், இல்லாட்டி சபையே தீர்மானம் போட்டு தொடங்கலாம். எதுவா இருந்தாலும் எல்லைய மேப்ல கீறி, உத்தேசச் செலவு போட்டு, ஒவ்வொரு காணிக்காரருக்கும் தபால்ல அறிவிச்சு, ஒரு நாள் எல்லாரையும் கூப்பிட்டு சொல்றத கேட்கணும். அதுக்கப்புறம் சபை சட்டமா நிறைவேத்துனா முப்பது நாளுக்குள்ள எழுத்துல ஆட்சேபனை குடுக்கலாம். வாஷிங்டன்ல சபையே தீர்மானம் போட்டு தொடங்குன மண்டலம்னா, மொத்தச் செலவுல 60 வீதத்த சுமக்கப்போற காணிக்காரங்க எதிர்த்தா சபைக்கு மேல போற அதிகாரமே இல்லாமப் போயிடும். கவனிங்க, இது தலைக்கணக்கு இல்ல, காசுக்கணக்கு. அம்பது சின்ன வீடு வேணாம்னாலும் நாலு பெரிய காணிக்காரங்க வேணும்னா நடந்துடும், மறுபக்கமும் அப்பிடித்தான். இத நான் குறையாத்தான் பாக்குறேன், ஆனா காசு போடுறவனுக்குத்தான் பேச்சுங்குறது அவங்க ஊர் வழக்கம்.

வேலைய குறுகிய காலக் கடன்ல முடிச்சிருவாங்க. முடிஞ்ச பிறகு உண்மையான செலவு எவ்வளவுன்னு பாத்து, காணி காணியா பங்கு போட்ட பட்டியல் ஒண்ணு தயாரிச்சு, ரெண்டாவது தடவ எல்லாரையும் கூப்பிடுவாங்க. இந்த ரெண்டாவது கூட்டம்தான் முக்கியம். ஒருத்தரோட பங்கு, அந்த வேலையால அவரோட காணிக்கு ஏறுன பெறுமதிய விட கூடக்கூடாதுன்னு ஒரு விதி இருக்கு, அத வச்சுத்தான் சண்டை போடுவாங்க. என் காணிக்கு பத்தாயிரம்தான் ஏறிச்சு, நீ இருபதாயிரம் கேட்கிறன்னு மதிப்பீட்டாளர் அறிக்கையோட வந்து நிப்பாங்க.

ஒரு கணக்கு போட்டு காட்டுறேன், இது உதாரணத்துக்கு நானே போட்டது. தெருவுல அம்பது காணி, வேல பத்து லட்சம் டொலர். ரோட்ட ஊர்ச்சனமும் பாவிக்குது, அதனால டவுன் தன் பங்கா ரெண்டு லட்சம் போடுது, மிச்சம் எட்டு லட்சம். சமமா பிரிச்சா காணிக்கு 16,000. பட்டியல் உறுதியானதும் முப்பது நாள் குடுப்பாங்க, அதுக்குள்ள முழுசா கட்டுறவங்களுக்கு வட்டி இல்ல. இருபது பேர் கட்டிட்டாங்கன்னு வைங்க, 3,20,000 வந்துடும், அப்ப பிணைமுறி மிச்ச 4,80,000க்கு மட்டும்தான். கட்டாத முப்பது பேரும் பதினஞ்சு வருசம், அஞ்சு வீத வட்டின்னா முதல் வருசம் அசல்ல 1,067, வட்டி 800, ஆக 1,867 டொலர், அசல் குறையக் குறைய வட்டியும் குறைஞ்சு கடைசி வருசம் 1,120தான். யாராவது நடுவுல மொத்தமா கட்டி முடிச்சா அந்தக் காசுல பிணைமுறிகள இலக்க வரிசைப்படி முன்கூட்டியே மீட்டுருவாங்க.

இப்ப வாங்குறவன் ஏன் நம்பி வாங்குறான்? நம்ம ஆளுங்க சீட்டு போடுறப்ப ஒரு பயம் இருக்குமே, முதல்ல எடுத்தவன் ஊர விட்டுப் போயிட்டா என்ன செய்யறதுன்னு, அங்க அந்தப் பயம் இல்ல, ஏன்னா கடன் ஆள் மேல இல்ல, காணி மேல இருக்கு, காணி எங்கயும் ஓடாது. கட்டாம விட்டா வழக்குப் போட்டு காணிய ஏலத்துல விடலாம், பொது வரிக்கு அடுத்ததா இந்தப் பங்குக்குத்தான் முதல் உரிமை, வீட்டுக்கடன் குடுத்த பேங்க் கூட இதுக்குப் பின்னாலதான் நிக்கணும். அதனால பேங்கே கட்டு கட்டுன்னு ஆள நெருக்கும். போதாததுக்கு கட்டாத தவணைய ஈடுகட்ட உத்தரவாத நிதின்னு ஒண்ணு தனியா வச்சிருக்காங்க. இந்த மாதிரி பிணைமுறி வட்டிக்கு அமெரிக்க மத்திய அரசாங்கத்தோட வருமான வரியும் பொதுவா கிடையாது, அதனால குறைஞ்ச வட்டிக்கே வாங்க ஆள் இருக்கு.

அக்கா விசயத்த இங்கயே முடிச்சுடுறேன். பயப்பட ஒண்ணுமில்ல, ஆனா கடிதத்துல இருக்கிற திகதிகள கண்ணுல எண்ணெய் ஊத்திக்கிட்டு பாக்கச் சொல்லுங்க, எழுத்துல குடுக்காத ஆட்சேபனைக்கு மதிப்பே இல்ல, திகதி போனா போனதுதான். காணி முகப்பு எத்தன அடின்னு பட்டியல்ல இருக்கிறதும் காணி உறுதில (காணிப் பத்திரத்துல) இருக்கிறதும் ஒத்துப்போகுதான்னு பாக்கணும். கையில காசு இருந்து, பேங்க்ல கிடைக்கிற வட்டி அந்தத் தவணை வட்டிய விட குறைவுன்னா முப்பது நாளுக்குள்ள கட்டுறது லாபம். வீட்ட விக்கிற எண்ணம் இருந்தா மிச்சத் தவணைய யாரு ஏத்துக்கிறதுன்னு விலை பேசுறப்பவே பேசிக்கணும். வருமானம் குறைஞ்ச வயசானவங்களுக்கு ஒத்திப்போட வழி இருக்கு, அக்காவுக்கு அந்த வயசு இல்லன்னு நெனைக்கிறேன்.

இது ஏதோ சொர்க்கத்துல உள்ள ஏற்பாடுன்னும் நெனைக்க வேணாம். சியாட்டில்ல 2007ல ஓடத் தொடங்குன சவுத் லேக் யூனியன் டிராம் பாதைக்கு ஏறக்குறைய பாதிச் செலவ சுத்தி இருந்த காணிக்காரங்க இந்த முறையில குடுத்தாங்க, பெரிசா சத்தம் இல்லாம நடந்துச்சு, ஏன்னா அங்க பெரிய கம்பனிங்க காணி வச்சிருந்துச்சு, டிராம் வந்தா அவங்களுக்கு லாபம். அதே ஊர்ல 2019ல கடற்கரைப் பக்கத்த அழகாக்க 160 மில்லியன் டொலர் இப்பிடி திரட்டப் போனப்ப அடுக்குமாடில குடியிருக்கிறவங்க எல்லாம் கொதிச்சு எழுந்துட்டாங்க. பார்க் வந்தா ஊர் முழுக்க வந்து உக்காருவாங்க, உலகத்துல உள்ள டூரிஸ்ட் எல்லாம் வருவாங்க, நான் மட்டும் ஏன் கட்டணும்னு கேட்டாங்க, வழக்குக்கும் போனாங்க. நியாயமான கேள்விதான். கான், ரோட்டு, சூவர் லைன் (கழிவுநீர்க் குழாய்) மாதிரி வேலைக்கு "உனக்குத்தான் பலன்"னு காட்டுறது லேசு, பார்க்குக்கு கஷ்டம். கலிபோர்னியாவுல 1996ல மக்கள் வாக்கெடுப்புல ஒரு சட்டம் வந்து, ஊருக்குப் பொதுவா கிடைக்கிற பலன் வேற, காணிக்குத் தனியா கிடைக்கிற பலன் வேற, ரெண்டையும் பிரிச்சுக் காட்டு, தனிப் பலனுக்கு மட்டும் காசு கேளுன்னு ஆக்கிட்டாங்க.

இன்னும் பழைய கதை ஒண்ணு இருக்கு. 1920கள்ல அமெரிக்காவுல காணி வெறி புடிச்சு, வீடே இல்லாத வெத்துக் காணிய துண்டு போட்டு, அங்க நடைபாதை, தண்ணி பைப், தெரு லைட்டுன்னு எல்லாத்துக்கும் இந்தப் பிணைமுறிய வித்து காச இறைச்சாங்க. 1929க்கு அப்புறம் காணி விலை விழுந்திச்சு. காணிக்காரன் பங்கும் கட்டல, வரியும் கட்டல, எடுத்துக்கோன்னு விட்டுட்டுப் போயிட்டான். ஏலத்துல விட்டா வாங்க ஆள் இல்ல. புளோரிடா, மிச்சிகன் பக்கமெல்லாம் டவுன் டவுனா தவணை தவறிச்சு. காணி ஓடாதுங்குறது சரி, அதோட விலை ஓடிடும்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். பிணைமுறின்னு சொன்னாலே நம்ம சனத்துக்கு பிணைமுறி ஏலத்துல மோசடின்னு பெரிசா பேசப்பட்ட 2015 மத்திய வங்கி விவகாரம்தான் ஞாபகம் வரும், அந்தப் பேர எடுத்துக்கிட்டு தெருக்கூட்டத்துக்குப் போனா பாதிப் பேர் எழும்பிப் போயிடுவாங்க, அது ஒரு பக்கம். நெசமான தடைகள் வேற.

முதலாவது வருமானம். நகர சபைக்கோ பிரதேச சபைக்கோ சொந்தமா வர்றது ஆதன வரி (வீடு, கடை, காணிக்குக் கட்டுற வரி), கடை வாடகை, லைசன்ஸ் காசு, சந்தை குத்தகை, பெரும்பாலும் இவ்வளவுதான். ஊழியர் சம்பளத்துல பெரும்பகுதி மேல இருந்து வர்ற காசுல ஓடுது. ஆதன வரிய வருசம் முழுசுக்கும் ஜனவரி 31க்குள்ள கட்டுனா பத்து வீதம் கழிவு குடுக்குறோம்னு வருசா வருசம் நோட்டீஸ் ஒட்டுறாங்க, அப்பிடியும் நிலுவை குவிஞ்சு கிடக்கு, ஏன்னா கட்டாதவன ஒண்ணும் செய்யறதில்ல. சட்டத்துல வழி இருக்கு, தடை போடலாம், பொருள எடுக்கலாம், ஆனா எந்த உறுப்பினர் தன் வட்டாரத்துல அத செய்ய விடுவார்? மதிப்பீடும் பழசு. ரெண்டு மாடி கட்டி கீழ கடை, மேல லொட்ஜ்னு ஓடுற கட்டடம் இன்னும் பழைய தகரக் கூரை வீட்டுக் கணக்குல வரி கட்டுறத எங்க வேணும்னாலும் பாக்கலாம். ஆதன வரியையே வாங்க ஏலாத சபை இன்னொரு பங்கையும் பதினஞ்சு வருசம் தவறாம வாங்கும்னு எவன் நம்பி பிணைமுறி வாங்குவான்?

ரெண்டாவது சட்டமும் சந்தையும். நம்ம சபைங்க கடன் எடுக்க அமைச்சர் அனுமதி வேணும். அதுக்குன்னே உள்ளூர்க் கடன் அபிவிருத்தி நிதியம் ஒண்ணு வெள்ளக்காரன் காலத்துச் சட்டத்துல, 1916ல இருந்து இருக்கு, சந்தைக் கட்டடம் கட்ட, மெசின் வாங்க அங்க இருந்து கடன் எடுக்கலாம். ஆனா பொதுசனத்துக்கு சபை பிணைமுறி விக்கிற சந்தைன்னு ஒண்ணு இங்க வளரவே இல்ல. போன சில வருசத்த பாருங்க. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி அரசாங்கமே வெளிநாட்டுக் கடன இப்ப கட்ட ஏலாதுன்னு சொல்லிச்சு. அந்த வருசக் கடைசியில அரசாங்கம் குறுகிய காலக் கடன் எடுக்கிற திறைசேரி உண்டியலுக்கு முப்பது வீதத்துக்கு மேல வட்டி. அரசாங்கப் பத்திரத்துக்கே அப்பிடின்னா ஒரு சின்ன நகர சபை பத்திரத்துக்கு என்ன கேட்டிருப்பாங்க? இப்ப வட்டி எவ்வளவோ குறைஞ்சிடுச்சு, அத ஒத்துக்கிறேன். ஆனா இன்னொண்ணு இருக்கே, 2023 மார்ச்ல சபைங்களோட காலம் முடிஞ்சு 2025 மே தேர்தல் வரைக்கும் தெரிவு செஞ்ச சபையே இல்ல, செயலாளரும் ஆணையாளரும்தான் ஓட்டுனாங்க. பதினஞ்சு வருசக் கடனுக்கு கையெழுத்துப் போடுற சபை ரெண்டு வருசம் ஆளில்லாம கிடக்கலாம்னா கடன்காரனுக்கு தூக்கம் வருமா?

மூணாவதுதான் மலைநாட்டுக்கே உரிய சிக்கல், காணி. இதப்பத்தி கீழ தனியா சொல்றேன்.

அதுக்கு முன்னால, ஏழை நாட்டுல இது நடக்கவே நடக்காதுன்னு நெனைச்சுடக் கூடாதுங்குறதுக்காக தமிழ்நாட்டுக் கதை ஒண்ணு. சென்னைக்குப் பக்கத்துல ஆலந்தூர்னு அப்ப தனி நகராட்சி ஒண்ணு இருந்திச்சு, சூவர் லைன் இல்லாம செப்டிக் டேங்கிலயே காலம் ஓட்டுன ஊர். 2000ஆம் ஆண்டு வாக்குல பாதாளச் சாக்கடை போட முடிவெடுத்தப்ப வேல தொடங்க முன்னாலயே வீட்டுக்கு 5,000 ரூபா, கடை கண்ணிக்கு 10,000 ரூபான்னு சனத்துக்கிட்ட வைப்புப் பணம் வாங்குனாங்க. குழி தோண்டவே இல்ல, காசு கேட்கிறியேன்னு முதல்ல சனம் சிரிச்சிருக்கும். ஆனா தலைவரும் ஆளுங்களும் தெருத்தெருவா போய், குடியிருப்போர் சங்கங்கள கூட்டி, கணக்க காட்டி, அந்தக் காச தனிக் கணக்குல வச்சாங்க. சனம் கட்டிச்சு. அத பாத்துட்டுத்தான் கடன் குடுக்கிறவங்களும் வந்தாங்க. வரிசைய பாருங்க தம்பி, சனம் முன்னால, கடன் பின்னால.

இந்தியாவுல 1998ல அகமதாபாத் மாநகராட்சி மாநில அரசாங்க உத்தரவாதம் இல்லாம நூறு கோடி ரூபாவுக்கு பிணைமுறி வித்திச்சு, அது பெரிய பட்டணம், அதுக்கு முன்னால வரி வசூல ஒழுங்கு பண்ணித்தான் சந்தைக்கே வந்தாங்க. நமக்குப் பாடம் அது இல்ல. தமிழ்நாட்டுல அதுக்குச் சில வருசம் கழிச்சு சின்னச் சின்ன நகராட்சிங்க பத்துக்கு மேல ஒண்ணா சேந்து, ஒரு கூட்டு நிதியத்து மூலமா ஏறக்குறைய முப்பது கோடிக்கு பதினஞ்சு வருசப் பிணைமுறி வித்தாங்க. தனியா போனா எந்த ஊரையும் எவனும் திரும்பிப் பாக்க மாட்டான், சேந்து போனதால ஒருத்தன் தவறுனா மத்தவன் தாங்குவான், அதுக்கு மேல மாநில அரசாங்கமும், அமெரிக்க உதவி நிறுவனத்தோட பகுதி உத்தரவாதமும் இருந்திச்சு. எப்பவாவது ஒரு நாள் ஹட்டன்-டிக்கோயா, தலவாக்கலை-லிந்துல, நுவரெலியா, பண்டாரவளை, பதுளைன்னு சேந்து ஒரு பத்திரம் போடுற நிலைமை வந்தா அது இந்த வழியாத்தான் வரும், ஒரு ஊர் தனியா இல்ல.

இப்ப உங்க தெருவுக்கு வருவோம். டவுனுக்குள்ள, உறுதி உள்ள காணி, ஆதன வரி கட்டுற வீடு கடை, இங்க மண்டலம்ங்குற எண்ணத்த சின்ன அளவுல செஞ்சு பாக்கலாம். சட்டத்துல "இம்ப்ரூவ்மென்ட் மண்டலம்"னு பேர் தேடாதீங்க, சபைத் தீர்மானம், தெருச் சங்கம், எழுத்துல ஒரு ஒப்பந்தம், இந்த மூணும் போதும்.

ஆனா எல்லைய ரோட்ட வச்சு போடாதீங்க, தண்ணிய வச்சு போடுங்க. இதுதான் நான் முக்கியமா சொல்ல வந்தது. அமெரிக்காவுல சமதரையில தெருவோட ரெண்டு பக்கமும் உள்ள காணின்னு கீறுனா போதும். நம்ம ஊரு அப்பிடியா? ஹட்டன் டவுன்ல விழுற மழை களனி கங்கைக்குப் போகுது, சிங்கமலை சுரங்கத்த தாண்டி கொட்டகலைல விழுற மழை கொத்மலை ஓயா வழியா மகாவலிக்குப் போகுது, அப்பிடி ஒரு முதுகுல உக்காந்திருக்கிற ஊர் இது. மேல் வரிசை வீட்டுக்காரர் முற்றத்துக்கு சீமெந்து போட்டு, கூரைத் தண்ணிக்கு பைப் வச்சு பின்னால விட்டுருவார், அவருக்கு அதோட பிரச்சினை முடிஞ்சுது. அந்தத் தண்ணி கீழ் வரிசைக்காரரோட பின்சுவத்த தின்னுது. கீழ உள்ளவர் கஷ்டப்பட்டு தன் பக்கம் கான் கட்டுவார், அது ரெண்டு மழை தாங்காது. இதுல யாருக்குப் பலன்னு கேட்டா கீழ உள்ளவருக்குன்னு எல்லாரும் சொல்லுவாங்க, மேல உள்ளவர் எனக்கென்னன்னு கைய விரிப்பார். ஆனா காரணம் யாருன்னு கேட்டா மேல உள்ளவர்தான். அதனால நம்ம மலையில பலன் பாத்து மட்டும் பங்கு பிரிச்சா அநியாயம், எவ்வளவு தண்ணிய இறக்குறார்ங்குறதையும் சேக்கணும். கூரை அளவு, சீமெந்து போட்ட முற்றத்து அளவு, இத டேப் பிடிச்சு அளந்துடலாம், பெரிய வித்தை இல்ல.

இங்கயும் ஒரு உதாரணக் கணக்கு. கொங்கிரீட் ரோட்டும் மூடுன கானும் சேத்து அறுபது லட்சம், நாப்பது காணி. சபை இருபத்துநாலு லட்சம் போட்டா மிச்சம் முப்பத்தாறு லட்சம், சராசரி ஆளுக்கு 90,000. அஞ்சு வருசத்துல கட்டுனா மாசம் 1,500. லொட்ஜ்காரர் கூட கட்டணும், தனியா இருக்கிற வயசான அம்மா குறைய கட்டணும், அதுக்குத்தான் ஆதன வரி மதிப்பீட்டுல பாதி, தண்ணிக் கணக்குல பாதின்னு பிரிக்கணும். அந்த முப்பத்தாறு லட்சத்த இப்பவே எங்க எடுக்கிறதுன்னா, வேலைய ரெண்டு மூணு கட்டமா பிரிச்சு சேர்ற காசுக்கு ஏத்த மாதிரி கீழ இருந்து மேல கட்டிக்கிட்டு வரலாம். கான எப்பவும் கீழ இருந்துதான் கட்டணும், மேல முதல்ல கட்டுனா கீழ உள்ளவங்க செத்தாங்க. இல்லாட்டி சபை உள்ளூர்க் கடன் நிதியத்துல கடன் கேட்கலாம், தெருவுல ஒரு வருசத் தவணை ஏற்கனவே பேங்க்ல கிடக்குன்னு காட்டுனா அந்த விண்ணப்பத்துக்கு முதுகெலும்பு வரும்.

சனம் கட்டாதுன்னு சொல்றவங்களுக்கு பதுளைய காட்டுங்க. 1990கள்ல உலக வங்கிக் கடன்ல சமூக நீர் வழங்கல் திட்டம் பதுளை, இரத்தினபுரி, மாத்தறை மாவட்டங்கள்ல நடந்துச்சு, சனத்தோட பங்கு செலவுல ஏறக்குறைய இருபது வீதம், காசாவும் உடம்பு உழைப்பாவும். குழி வெட்டுனாங்க, பைப் தூக்குனாங்க, சங்கம் அமைச்சாங்க, மாசக் காசும் சங்கமே வாங்குச்சு. தன் வீட்டு டேப்ல தண்ணி வரும்னு தெரிஞ்சா சனம் கட்டும். வராதுன்னு தெரிஞ்சா அஞ்சு ரூபாவும் குடுக்காது, அதுவும் சரிதான்.

இப்ப தேயிலைத் தோட்டம். தம்பி கேள்வில தோட்டத்தப் பத்தி இல்ல, ஆனா இத வாசிக்கிற பாதிப் பேர் லயத்துல (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுல) இருந்து வாசிப்பீங்க, அதனால விட ஏலாது. தோட்டக் காணி 1972லயும் 1975லயும் அரசாங்கம் எடுத்தது, 1992ல இருந்து கம்பனிங்க கையில, நீண்ட காலக் குத்தகையில. லயத்துல இருக்கிறவங்களுக்கு உறுதி இல்ல, புது வீட்டுக்கு ஏழு பேர்ச்சஸ் (காணி அளவு) காணின்னு குடுத்த இடங்கள்லயும் உறுதி கைக்கு வர்றது தனிக் கதை. பிரதேச சபைச் சட்டத்துல 33ஆம் பிரிவால தோட்டத்துக்குள்ள சபை காசு செலவழிக்கவே தடங்கல் இருந்திச்சு, 2018லதான் திருத்துனாங்க. அதுவரைக்கும் ஓட்டு மட்டும் வாங்குன சபை, கானுக்கு ஒரு மூட்டை சீமெந்து போட ஏலாம நின்னுச்சு.

அப்ப இந்த மண்டல எண்ணத்த தோட்டத்துக்குக் கொண்டுபோனா பில்லு யாருக்குப் போகணும்? அமெரிக்கச் சட்டத்தோட நியாயத்தையே எடுத்துக்குவோம், காணிக்காரனுக்குத்தான் பங்கு, குடியிருக்கிறவனுக்கு இல்ல. டிவிசன் ரோட்ட கொங்கிரீட் போட்டா கொழுந்து லொறி ஃபெக்டரிக்கு லேசா போகும், காணிப் பெறுமதி ஏறுறது குத்தகைக்காரருக்கும் அரசாங்கத்துக்கும். லயத்துக் குடும்பத்துக்கு ஒரு பேர்ச்சஸ் கூட பெறுமதி ஏறல, ஏன்னா காணியே அவங்க பேர்ல இல்ல. அதனால யாராவது ஒரு அரசியல்வாதியோ என்.ஜி.ஓ.வோ வந்து "மக்கள் பங்களிப்பு, மாசம் ஆயிரத்தஞ்ஞூறு"ன்னு லயத்துல பேச ஆரம்பிச்சா, முதல்ல உறுதிய குடு, அப்புறம் பங்க கேளுன்னு சொல்லணும். 2024ல நாட் சம்பளத்தோட அடிப்படை 1,350 ரூபா ஆச்சு, அந்தக் கணக்குல பாத்தா அந்த மாசப் பங்கு ஒரு நாள் சம்பளத்துக்கு மேல. ஏற்கனவே சந்தா, கோயில் காசு, மரண உதவிக் காசுன்னு எல்லாம் போய்க்கிட்டுத்தான் இருக்கு. சிரமதானம்ங்குற பேர்ல ஞாயித்துக்கிழம ஒழைப்பும் அவங்களோடதுதான், அந்த ஒழைப்ப எந்தக் கணக்குலயும் எவனும் காசாப் போட்டதில்ல.

அதோட ஒண்ணு, சரிவுப் பாதுகாப்ப பங்கு போடுற வேலையில சேக்கவே கூடாது. 2014 அக்டோபர் 29ல கொஸ்லாந்தை மீரியபெத்தையில மலை இறங்கி லயங்கள மூடுனத மறந்திருக்க மாட்டீங்க. அபாய எல்லைக்குள்ள இருக்கிறவங்கள வேற இடத்துக்குக் கொண்டுபோறது, மலைத் தண்ணிய வடிக்கிறது எல்லாம் அரசாங்கத்தோட கடமை, அங்க பலன் பெறுறவன் கட்டட்டும்னு பேசுறவன் மனுசனே இல்ல. டவுன் தெருவுக் கானுக்குச் சொன்ன நியாயம் அங்க செல்லாது.

கடைசியா, நீங்க சபைக்குப் போறப்ப கையில என்ன இருக்கணும்னா, தண்ணி எங்க இருந்து எங்க போகுதுன்னு கீறுன படம், காணி காணியா கூரை அளவு, கையெழுத்துப் போட்டவங்க பட்டியல், போடாதவங்க பட்டியலும் காரணமும். டெக்னிக்கல் ஒபிசர கூட்டிட்டு வந்து மழை பெய்யிற நாள்ல காட்டுங்க, வெயில்ல வந்தா அவருக்கு ஒண்ணும் தெரியாது. தீர்மானத்துல மூணு விசயம் எழுத்துல வரணும்: தெருக்காசு சபைப் பொதுக் கணக்குல விழாம தனிக் கணக்குல இருக்கணும், எடுக்க சபையோட கையெழுத்தோட தெருச் சங்கத்துக் கையெழுத்தும் வேணும், மதிப்பீட்ட விட பத்து வீதத்துக்கு மேல செலவு ஏறுனா வேலைய நிப்பாட்டி மறுபடி கூட்டம் கூடணும். இந்த மூணுல முதலாவதுக்கே கணக்குப் பிரிவுல "அப்பிடி வழக்கமில்ல"ன்னு சொல்லுவாங்க. வழக்கமில்லன்னா சட்டத்துல எங்க தடைன்னு காட்டுங்கன்னு மரியாதையா, எழுத்துல கேளுங்க, பதிலையும் எழுத்துலயே வாங்குங்க.